அசெட் (கேமில் வைக்கும் படம், மாடல், சத்தம்) எங்கே எடுத்தீர்கள்? கேம் ப்ராஜெக்ட் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் கேம் புதுச்சேரி பாரதி பூங்காவில் தொடங்குகிறது. சினிமாவில் வந்த ஒரு பாரதியார் பாட்டைப் பின்னணியில் போடலாமா? - மாணவி, முத்தியால்பேட்டை

வரிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பாரதியார் எழுத்துகள் 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆனால் நீங்கள் கேட்கும் பாட்டில் அவர் வரிகள் மட்டுமா இருக்கின்றன? மெட்டு போட்டவர் ஒருவர், அதைப் பதிவுசெய்து வெளியிட்ட நிறுவனம் ஒன்று. மெட்டுக்கு இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அதனால் அந்த ஃபைலைத் தொடாதீர்கள்.

உங்கள் வகுப்பில் பாடத் தெரிந்தவர் இருப்பார். சொந்த மெட்டில் பாடச் சொல்லி போனில் பதிவுசெய்யுங்கள். அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பெயரைக் கிரெடிட்ஸில் போடுங்கள். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த ஊர்க் கதைக்கு அந்தக் குரல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்புக்குத்தானே, பெரிய கேமிலிருந்து ஸ்பிரைட்டை (கதாபாத்திரம், பொருள்களின் 2டி படம்) உருவி எடுத்தால் என்ன? - டிப்ளமோ மாணவர், நெல்லிக்குப்பம்

பாடம் நடக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுக்க, காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றிவிட்டால் அது வகுப்பறை இல்லை. அதற்குப் பதில், கேம் அசெட்களை இலவசமாகத் தரும் கென்னி தளத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவை சிசி ஜீரோ, அதாவது படைத்தவர் உரிமையை விட்டுக்கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) வகை. பெயர்கூடப் போடத் தேவையில்லை, ஆனாலும் போடுங்கள்.

கேம் உருவாக்கும் யூனிட்டி மென்பொருளின் அசெட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய மாடல்கள். ப்ராஜெக்டை அப்படியே கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் போடலாமா? - மாணவர், லாஸ்பேட்டை

கூடாது. நல்ல பிள்ளைகளே தெரியாமல் செய்யும் தவறு இது. நீங்கள் வாங்கியது கேமுக்குள் வைத்து வெளியிடும் உரிமை. மூல ஃபைலை ஊருக்கெல்லாம் பகிரும் உரிமை அதில் இல்லை. பப்ளிக் ரெப்போவில் (எல்லோரும் பார்க்கக்கூடிய ப்ராஜெக்ட் கிடங்கில்) போட்டால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அதை விற்றுப் பிழைப்பவரின் வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிடும். அந்த ஃபோல்டரை முதல் நாளே கிட்இக்னோரில் (ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலில்) சேருங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? டெலீட் செய்தால் மட்டும் போதாது, பழைய கமிட்களில் (முன்பு சேமித்த நிலைகளில்) அது அப்படியே கிடக்கும். முதலில் ரெப்போவை பிரைவேட் ஆக்குங்கள். அப்புறம் அந்த அசெட் இல்லாமல் புதிய ரெப்போ தொடங்குங்கள்.

கிரெடிட்ஸில் 'நன்றி: கூகுள்' என்று போட்டால் போதாதா? - மாணவி, கடலூர் முதுநகர்

கூகுள் தேடிக் கொடுத்தது, வரையவில்லை. சிசி பை லைசென்ஸ் (படைத்தவர் பெயரைப் போட்டால் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) என்றால் படைப்பின் பெயர், படைத்தவர், எடுத்த இணைப்பு, லைசென்ஸ், நீங்கள் செய்த மாற்றம் எல்லாம் வேண்டும். 'என்சி' என்று இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, அதை வைத்த கேமை விற்க முடியாது. ஒரு ஷீட் திறந்து வைத்து, டவுன்லோடு செய்த அன்றே எழுதிவிடுங்கள். சமர்ப்பிக்கும் முந்தைய இரவு ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரரைத் தேடி அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். சில பேரைக் கடைசி வரை கண்டுபிடிக்கவே முடியவில்லை.

தமிழ் எழுத்துரு? - அதே மாணவி

நோட்டோ சான்ஸ் தமிழ். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ், கேமோடு சேர்த்துக் கொடுக்கலாம். லைசென்ஸ் ஃபைலையும் கூடவே வையுங்கள்.

கடல் அலைச் சத்தம் இலவசமாக எங்கே கிடைக்கும்? - மாணவர், தேவனாம்பட்டினம்

சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கிறதே! விடியற்காலையில் போங்கள், அப்போதுதான் கூட்டத்தின் பேச்சு விழாது. காற்று இரைச்சல் வராமல் மைக்கைக் கையால் மறைத்து ஐந்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். நன்றாக வந்தால் சத்தங்களைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் சிசி ஜீரோவாக ஏற்றுங்கள். நம் கடற்கரைச் சத்தம் தேடி இன்னொரு மாணவர் வருவார்.