கைவிடப்பட்ட ஃப்ரீவேர் லைப்ரரியை (இலவசமாகத் தரப்பட்ட, பிற புரோகிராம்கள் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பை) எடுத்துத் தொடர்ந்தால், அதை யாரும் மாற்றிப் பகிரவிடும் எம்.ஐ.டி. லைசென்ஸில் வெளியிடலாமா?

முடியாது. எழுதியவர் எழுத்தில் சம்மதிக்காதவரை அவருடைய வரிகளுக்கு லைசென்ஸ் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் புதிதாக எழுதும் வரிகளுக்கு மட்டும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

'பத்து வருஷமா யாரும் தொடலை, வெப்சைட்டே போயிடுச்சு' என்பீர்கள். பதிப்புரிமைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்னில் சேர்ந்த நாடுகளில் கோடு (நிரல்) எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. தனிநபர் எழுதியதென்றால் அவர் காலமான பிறகும் குறைந்தது 50 ஆண்டு நிற்கும். 'அபாண்டன்வேர்' (கைவிட்ட மென்பொருள்) என்று சட்டத்தில் ஓர் இனமே கிடையாது. கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் பப்ளிக்காகக் கிடக்கிறதே என்றால், லைசென்ஸ் இல்லாத ரெப்போவை (கோடு கிடங்கை) பார்க்கவும் அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் (தனி நகல்) செய்யவும்தான் அதன் விதிகள் விடுகின்றன.

இதைச் சொன்னால் 'யார் வந்து கேஸ் போடப் போறாங்க?' என்று ஒரு கூட்டம் கிளம்பும். கேஸ் வராமலே போகலாம். ஆனால் டெபியன் லினக்ஸில் கட்டற்ற மென்பொருளுக்கான மெயின் பகுதியில் அது சேராது, லீகல் டீம் உள்ள எந்த நிறுவனமும் தொடாது. பிறகு யாருக்காகப் பராமரிக்கிறீர்கள்?

முதலில் கடைசி வெளியீட்டின் ஜிப்பைத் தேடிப் பிடியுங்கள். டவுன்லோடு பக்கத்தில் 'ஃப்ரீ' என்று போட்டிருப்பது போதாது. உள்ளே இருக்கும் ரீட்மீ, லைசென்ஸ் ஃபைல், ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலின் மேலுள்ள கமென்ட், மூன்றையும் படியுங்கள். அவை ஒன்றுக்கொன்று முரண்படுவது சகஜம். பயன்படுத்துவது, மாற்றுவது, அப்படியே பகிர்வது, மாற்றியதைப் பகிர்வது நான்கும் தனித்தனி அனுமதி. 'உங்கள் புரோகிராமில் இலவசமாகப் பயன்படுத்தலாம்' என்றிருந்தால் கிடைத்தது முதலாவது மட்டும். 'மாற்றாமல் முழு ஜிப்பாகப் பகிரலாம்' என்றிருந்தால் ஃபோர்க்குக்கு வழியில்லை. 'வணிக நோக்கமின்றி' என்று இருந்துவிட்டால் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் லைசென்ஸில் உள்ள கோடுடன் கலந்து வெளியிட முடியாது, ஜி.பி.எல். கூடுதல் தடைகளை ஏற்பதில்லை. பழைய வெளியீடுகளையும் பாருங்கள். 1.4 தாராளமாகவும் 2.0 இறுக்கமாகவும் இருந்தால் 1.4-இலிருந்து ஆரம்பிப்பது பெரிய விடுதலை.

உள்ளே வேறொருவர் கோடு இருக்கிறதா என்றும் துழாவுங்கள். கணக்கு சம்பந்தமான பழைய லைப்ரரிகளில் 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' புத்தகத்து ஃபங்ஷன் ஒன்று ஒளிந்திருந்தால், அதன் சோர்ஸைப் பகிர லைப்ரரி ஆசிரியராலேயே அனுமதி தர முடியாது. எடுத்துவிட்டு வேறு போடுங்கள்.

ஆசிரியரைக் கண்டுபிடித்தால் 'தொடரலாமா?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 'தாராளமா, வாழ்த்துகள்' என்று பதில் வரும். அது நாக்கு வழிக்கக்கூட உதவாது. அவர் 'சம்மதம்' என்று மட்டும் எழுதினால் போதும் என்கிற மாதிரி வாசகத்தை நீங்களே தயார் செய்யுங்கள்: 'இந்த லைப்ரரியின் 2.3 வரையிலான எல்லா வெளியீடுகளுக்கும் பதிப்புரிமை என்னுடையது. பிறர் எழுதியவை இன்னின்ன ஃபைல்கள் மட்டும். என்னுடையவற்றைக் கீழே உள்ள எம்.ஐ.டி. லைசென்ஸில் வழங்குகிறேன்.' லைசென்ஸின் முழு வாசகத்தையும் அதே மெயிலில் ஒட்டுங்கள். வேலையில் இருந்தபோது எழுதியதா என்றும் கேளுங்கள், அப்படியென்றால் உரிமை கம்பெனியிடம் இருக்கலாம். லைப்ரரியின் பெயருக்குத் தனியாக அனுமதி வாங்குங்கள், எம்.ஐ.டி. லைசென்ஸ் பெயரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பதில் மெயிலை ஹெடரோடு (யார், எப்போது அனுப்பினார் என்ற மேல்வரிகளோடு) பத்திரப்படுத்துங்கள்.

பலர் சேர்ந்து எழுதியதென்றால் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். வீடியோ பிளேயரான வி.எல்.சி.யின் எஞ்சினை, ஜி.பி.எல்.-ஐவிடத் தளர்வான எல்.ஜி.பி.எல்.-க்கு மாற்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதம் ஆகாது. பேட்ச் வழி ஒன்று உண்டு, அதாவது உங்கள் மாற்றங்களை மட்டும் தனி ஃபைலாகப் பகிர்வது. மெயில் சர்வர் மென்பொருளான க்யூமெயிலை மாற்றி வெளியிட அனுமதி இல்லாத காலத்தில் எல்லோரும் பேட்ச் ஃபைல்களைத்தான் பகிர்ந்தார்கள். 2007-இல் அதை எழுதிய பெர்ன்ஸ்டைன் பதிப்புரிமையைத் துறந்து பொதுவுடைமையாக்கிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. உங்கள் ரெப்போவில் மூலக் கோடு இருக்கக்கூடாது. ஒரு ஸ்கிரிப்ட் அசல் ஜிப்பை இறக்கி, அது மாறாத அசல்தானா என்று ஷா-256 எண்ணால் சரிபார்த்து, பேட்சைப் போட்டு பில்ட் செய்யட்டும். இங்கே பலர் மாட்டுவது வரி முடிவில். விண்டோஸ் காலத்து ஜிப்பில் வரி முடிவைக் குறிப்பது சி.ஆர்.எல்.எஃப். என்ற இரண்டு எழுத்து, கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் அதை எல்.எஃப். என்ற ஒற்றை எழுத்தாக ஆக்கிவிட்டால் பேட்சின் ஒரு துண்டுகூட (ஹங்க்) பொருந்தாது. பேட்ச் ஃபைல்களுக்கு கிட்டின் வரி மாற்றத்தை நிறுத்தி வையுங்கள். (பேட்சும் வழிநூல்தான் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குக் கீழே கமென்ட் பகுதி திறந்தே இருக்கிறது.)

இன்னொன்று, முழுக்க மறுபடி எழுதுவது. பழைய கோடைப் படித்தவர் விவரக்குறிப்பும் டெஸ்டும் எழுத, படிக்காத இன்னொருவர் கோடு எழுத வேண்டும். பக்கத்தில் திறந்து வைத்து வேரியபிள் பெயரை மாற்றிக்கொண்டே போவது தழுவல்தான், எத்தனை ஃபைல் மாற்றினாலும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து சொந்தமாக லைசென்ஸ் எழுதாதீர்கள். ஜேசான் என்ற டேட்டா வடிவத்தின் கோடுக்கு வைத்த லைசென்ஸில் 'நன்மைக்கே பயன்படுத்துக, தீமைக்கு அல்ல' என்று சேர்த்த ஒரே வரியால் 2016-இல் திறமூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை அதைத் தன் புராஜெக்ட்டுகளில் தடை செய்தது. எழுதியவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், அவதி பின்னால் வருகிறவனுக்கு.

அனுமதி கிடைத்துவிட்டால் பழைய பதிப்புரிமை வரியை அழிக்காதீர்கள். அதன் கீழே உங்கள் பெயரும் ஆண்டும், அடுத்த வரியில் எந்த லைசென்ஸ் என்று சொல்லும் எஸ்.பி.டி.எக்ஸ். குறியீடு. கிட்டின் முதல் கமிட்டில் (பதிவில்) அசல் ஜிப் அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல். உங்கள் மாற்றங்கள் இரண்டாவதிலிருந்து.