மரம் ஏறிக் கிளை கழிப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் எப்படி ஏறுகிறார்கள்? என்ன கருவிகள் வைத்திருப்பார்கள்? உயரத்தில் பயம் வராதா?

சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் சாலையோர மரங்கள், அடுக்குமாடி வளாக மரங்கள். எப்போதாவது பழைய பங்களா ஒன்றின் பின்புறம் நிற்கும் பெருமரம்.

எல்லோரும் முதலில் கேட்பது எப்படி ஏறுகிறீர்கள் என்றுதான். உண்மையில் ஏறுவது இதில் சின்ன வேலை. மேலே போனபின் இரண்டு கைகளையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டு நிதானமாக ரம்பம் பிடிக்க முடிய வேண்டும். நாங்கள் சுமந்து திரியும் சாமான்கள் அத்தனையும் அதற்காகத்தான்.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. முருக்குத்தடியைச் சாய்த்து முதல் எட்டு வைப்பார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. நெஞ்சு மரத்தில் உரச உரச ஏறி, மட்டையில் கால் ஊன்றிவிட்டால் கை இரண்டும் பாளைக்குப் போய்விடும். பதநீர்க் காலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அந்த வித்தை எனக்கும் ஒட்டியிருக்கும் என்ற நினைப்போடுதான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் தூங்குமூஞ்சி மரத்தின் முன்னால் நின்றதும் அந்த நினைப்பு போய்விட்டது. மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரம். குடைபோல் விரிந்த தலை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முப்பது மீட்டர் இருக்கும். பனையில் மேலே போனால் வேலை தொடங்கிவிடும். இங்கே மேலே போன பிறகு பக்கவாட்டில் நடந்தாக வேண்டும், அதுதான் பாடு. (இந்த மரம் இங்கே பிறந்ததல்ல. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்ததாம். என்னைப் போலப் பிழைக்க வந்தது.)

ஏறும் முறைக்கு வருகிறேன். முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய நூல்கயிற்றில் கட்டி, உயரத்தில் தேர்ந்தெடுத்த கவையின் மேல் வீசுவோம். வீச்சு சரியாக அமைய சில நாள் ஒரு நிமிடம், சில நாள் அரை மணி நேரம். அந்த நூலைப் பிடித்து ஏறுகயிற்றை மேலே இழுத்துக்கொள்வோம். பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு அது. கவை வழியாகப் போய்த் திரும்பி வரும் கயிற்றின் ஒரு முனை என் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் வார்ப்பட்டைக் கட்டு) இருக்கும். மறுபக்கத்துக் கயிற்றின் மேல் ஓர் உராய்வு முடிச்சு. அதுவும் ஹார்னஸில் மாட்டியிருக்கும். பாரம் ஏறினால் அந்த முடிச்சு இறுகி நின்றுவிடும், கையால் மெல்ல அழுத்தினால் வழுக்கிக் கீழே இறக்கும். இரண்டு மீட்டர் கயிறு இழுத்தால் ஒரு மீட்டர் உயரலாம். அதனால் பாரம் பாதியாகிறது. மெதுவான முறைதான், ஆனால் கிளைகளுக்கு இடையே நடமாட இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது.

உயரமான மரம் என்றால் ஒற்றைக் கயிற்றில் ஏறுவதும் உண்டு. கயிறு அசையாது, காலிலும் முழங்காலிலும் மாட்டிய பற்றுக்கருவிகளால் ஏணிப்படி ஏறுவதுபோல் விறுவிறுவென்று போய்விடலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டிவிட்டு ஏறினால், மேலே இருக்கும் கவை என் எடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். எண்பது கிலோ ஆள், நூற்று அறுபது கிலோ பாரம். அதனால் ஏறும் முன்பு இரண்டு பேர் கயிற்றில் தொங்கிச் சோதிப்போம். அதற்கும் முன்னால் தூரைச் சுற்றி வருவோம்: சுத்தியலால் தட்டிப் பார்த்து உள்ளே பொந்து இருக்கிறதா, வேர்ப்பக்கம் காளான் தட்டு முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று. பிடிக்கவில்லையென்றால் ஏற மாட்டேன். ஆளை மேலே தூக்கும் பூம் லிப்ட் வண்டி வரட்டும் என்று சொல்லிவிடுவேன். இதில் மானம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஷூவில் மாட்டும் இரும்பு முள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வேரோடு அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும்தான் அது. உயிரோடு விடப்போகும் மரத்தில் ஒவ்வொரு எட்டும் ஒரு புண். பனை, தென்னை இனங்களுக்கு இன்னும் மோசம்: அவற்றின் தண்டில் புண்ணை மூடிவரும் வளர்படலமே இல்லாததால், ஓட்டை கடைசி வரை ஓட்டையாகவே இருக்கும். தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறிய தாத்தா மரத்தில் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை.

கிளையின் மேல் நடப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உடம்பைப் பின்னால் சாய்த்து, எடையைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டு, கால் பூப்போல மட்டும் கிளையைத் தொட வேண்டும். புதியவர்கள் கிளையை நம்பி நிமிர்ந்து நிற்பார்கள், கால் நடுங்கும். நுனியை நோக்கிப் போகப் போகக் கயிறு படுத்துக்கொண்டே வரும், பிடிமானமும் குறையும். அங்கே வழுக்கினால் ஊஞ்சல்போல் வீசி அடிமரத்தில் மோதவேண்டியதுதான். கயிறு மாட்டும் கவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நுனிவரை போகலாம் என்பதால்தான் அந்த முதல் வீச்சுக்கு அரை மணி நேரம் செலவழிக்கிறோம்.

இனி வெட்டு. பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பாதியில் முறிந்து, பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும். அதனால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அடியில் கொஞ்சம், அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிஞ்சிய கட்டை. அந்தக் கடைசி வெட்டுக்குத்தான் படிப்பு. கிளை தண்டோடு சேருமிடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால்தான் மரம் ஆறும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் புண்ணை ஆற்றுவதே இல்லை, அழுகலைச் சுவர் கட்டி உள்ளேயே அடைத்துவைக்கிறது என்று காட்டினார். அந்தச் சுவருக்கான சரக்கு இருப்பது அந்தப் புடைப்பில். ஊருக்கு வரும்போது வேம்பையும் புங்கையையும் தலைமொட்டை அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்ப்பதெல்லாம் தோலோடு ஒட்டிய கொப்புகள். பருத்தபின் காற்றுக்கு அவைதான் முதலில் முறியும்.

இடுப்பில் என்ன இருக்கும் என்றால்: வளைந்த கைரம்பம், மரத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறு, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிவளையங்களான கராபினர்கள் ஏழெட்டு, தொங்குகயிற்றில் செயின்சா, முதலுதவிப் பை. செயின்சாவைத் தொடும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது ஆண்டுவரை அந்த இரண்டாவது கட்டு எனக்குத் தொல்லையாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் மதியம், நம் ஊர் வேங்கைக்கு உறவான அங்சானா மரத்தில், காய்ந்த கொப்பு ஒன்றைக் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். கொப்பு எதிர்பார்த்ததைவிட முன்னதாக விட்டுவிட, ரம்பம் என் குட்டைக் கயிற்றைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். பாரம் ஏறி விறைத்து நிற்கும் கயிற்றுக்கு அதுவே போதும். ஒரு முழம் விழுந்து ஏறுகயிற்றில் தொங்கினேன். கீழே நின்றவருக்கு எதுவும் தெரியவில்லை. கொப்பு விழுந்த சத்தம் என்று நினைத்திருக்கிறார். அன்று செயின்சாகூட என் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கீழே நிற்பவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அரை மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளமுள்ள பச்சைக் கட்டை நூற்றைம்பது, இருநூறு கிலோ வரும். அதை அடிமரத்தில் கட்டிய உருளையில் கயிறு சுற்றி, பாதசாரிப் பாதையின் மேல் மெல்ல இறக்குவது அவர்கள். நான் குரல் கொடுத்தால், மறுகுரல் வரும்வரை வெட்டுக் கிடையாது. எனக்கு மேலே மயக்கம் வந்தால் ஏறி இறக்கவும் அவர்களில் ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். நினைவிழந்தவர் ஹார்னஸில் தொங்கியபடி நெடுநேரம் தாங்க மாட்டார்.

மற்றபடி நாள் என்பது விடியுமுன் லாரி, வியர்வை, முசுறு எறும்பு. மழையில் ஊறிய பெரணிக்கொத்துகள் கிளையில் மூட்டைபோல் கனக்கும், உள்ளே பாம்பும் இருக்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் புயல்காற்று அடிக்கும். அன்று கழிக்கும் வேலை போய், விழுந்ததை அகற்றும் வேலை. மின்னல் எச்சரிக்கை வந்தால் பாதி வெட்டில் இருந்தாலும் இறங்கிவிடுவோம்.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கயிறு இறுகி இருக்கும்வரை எனக்கு உயரம் உறைப்பதில்லை. ஒரு கவையிலிருந்து இன்னொரு கவைக்குக் கயிற்றை மாற்றும்போது மட்டும் உறைக்கும். புதிய கராபினர் பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, எடையை அதில் வைத்துப் பார்த்த பிறகே பழையதைக் கழற்றுவேன். அந்த அரை நிமிடம் யார் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் திமிர் என்று நினைத்து, எங்கள் சூப்பர்வைசரிடம் இரண்டு முறை புகார்கூடச் செய்திருக்கிறார்கள்.