கருவை வடிவமைக்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை, புற்றுநோய் மருந்துக்கு எப்படி வழிகாட்டியது?

கோத்தகிரியில் எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு பல்லி. அறுந்த வால் மறுபடி வளர்ந்திருக்கிறது, நிறம்தான் மங்கல். உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்புக் குழாய். அதை உருவாக்கச் சொல்வது ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை, அதாவது எப்படி வளர வேண்டும் என்று செல்களுக்குச் சொல்லும் ஒரு வேதித் தகவல். கருவில் முன்மூளையையும் கண்களையும் இடம் வலமாகப் பிரிப்பதும் அதுவே.

அது தடைபட்டால்? அமெரிக்காவின் ஐடஹோவில், சினை ஆடுகள் ஒரு காட்டுச் செடியைத் தின்று ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. சாண்டிநல்லா பக்கம் ஆடு மேய்ப்பவரிடம் இதைச் சொன்னபோது பதறிப்போனார். செடியிலிருந்த சைக்ளோபமின், ஸ்மூதண்ட் என்ற புரதத்தை முடக்கிச் சமிக்ஞையை நிறுத்திவிட்டது.

சரி, சிகிச்சை? பேசல் செல் தோல் புற்றுநோயில் பெரும்பாலும் இதே சமிக்ஞை ஓயாமல் ஓடுகிறது. அங்கே முடக்குவதுதான் தேவை. ஸ்மூதண்டை முடக்கும் விஸ்மோடெகிப் மருந்து 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தொடவே கூடாது.