குறைந்த கட்டணம், குறையாத உரிமை

கேள்வி: ஜனவரியில் நானும் கணவரும் சென்னையிலிருந்து டெல்லிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறோம். பட்ஜெட் விமானத்தில் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்து 3,000 ரூபாய் மிச்சம். மாப்பிள்ளையோ, "அதில் போகாதீர்கள் அத்தை. சாப்பாடு கிடையாது, ஏதாவது ஆனால் கேட்கவும் முடியாது. குறைந்த காசு கொடுத்தவர்களுக்கு அவ்வளவுதான் மரியாதை" என்கிறார். பாதுகாப்பும் குறைவு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கணவருக்கு முழங்கால் வலி வேறு. எதில் போவது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: மாப்பிள்ளை அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் "அவ்வளவுதான் மரியாதை" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இந்த நினைப்பு நம்மிடம் இருக்கும்வரை விமானக் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்தான்.

பாதுகாப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பட்ஜெட், ஃபுல் சர்வீஸ் (சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது) என்ற இரண்டு வகைக் கம்பெனிகளுக்கும் ஒரே டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு), பைலட்டுக்கு ஒரே லைசென்ஸ், ஒரே பராமரிப்பு விதிகள். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் உள்நாட்டில் ஓட்டுவது பெரும்பாலும் அதே ஏர்பஸ் 320 குடும்பத்து விமானங்களைத்தான். டிக்கெட் விலை குறைவது வேறு வழிகளில். சாப்பாட்டையும் சீட்டையும் தனித்தனியாக விற்கிறார்கள். விமானத்தைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. இறங்கிய அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்குக் கிளப்பிவிடுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் எங்கோ தாமதமான விமானம், அந்தத் தாமதத்தை ராத்திரிவரை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போகும்.

2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்ற பட்ஜெட் விமானக் கம்பெனியைத் தொடங்கியபோது பட்ஜெட்டும் ஃபுல் சர்வீஸும் உண்மையிலேயே இரண்டு உலகங்கள். இன்று அப்படி இல்லை. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது, விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஃபுல் சர்வீஸ் என்று பெரிய அளவில் மிஞ்சியிருப்பது ஏர் இந்தியா ஒன்றுதான். அதிலும் எகானமியின் குறைந்த கட்டணத்தில் லக்கேஜை 2024-ல் 15 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். இண்டிகோவிலும் அதே 15 கிலோதான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'லைட்' டிக்கெட்டில் செக்-இன் பெட்டியே கிடையாது, கை லக்கேஜ் மட்டும். ஆக, கம்பெனியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பெட்டியின் எடை, சீட்டுக்கான கட்டணம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வருகிற தொகையை ஒப்பிடுங்கள். 3,000 ரூபாய் வித்தியாசம் அங்கே 1,000-ஆகச் சுருங்கலாம். அப்படிச் சுருங்கினால் சாப்பாடு தருகிற விமானத்திலேயே போங்கள். சுருங்காவிட்டால் பட்ஜெட்டில் போங்கள், புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஊறுகாய் மட்டும் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.

இனி மரியாதைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து கோவை போகும் இரவு விமானத்துக்காகக் காத்திருந்தேன். மூன்று மணி நேரத் தாமதம். கைக்குழந்தையோடு ஒரு பெண் கவுன்ட்டரில் போய் வெந்நீர் கேட்டார். "இது லோ காஸ்ட் மேடம், எங்களிடம் எதுவும் கிடையாது" என்று பதில் வந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. டிஜிசிஏ விதியைப் போனில் எடுத்து நீட்டினேன். இருபது நிமிடத்தில் எல்லோருக்கும் உப்புமாவும் தண்ணீரும் வந்தன, அந்தக் குழந்தைக்கு வெந்நீரும்.

அந்த விதியில் லோ காஸ்ட் என்றும் ஃபுல் சர்வீஸ் என்றும் பிரிவே இல்லை. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். சென்னை–டெல்லி அதைவிட நீளம் என்பதால் உங்களுக்கு 3 மணி நேரக் கணக்கு. 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், உங்கள் தடத்தில் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது இழப்பீடு. பணத்தைத் திருப்பித் தருவது தனி. கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை, இடமில்லை என்று ஏற்ற மறுத்தாலும் இழப்பீடு உண்டு. மூடுபனி, புயல் போன்றவற்றுக்கு இழப்பீடு வராது, பணம் திரும்ப வரும். கவுன்ட்டரில் மறுத்தால் அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் மன்றம் இருக்கிறது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது மற்ற கம்பெனிகளின் கட்டணம் எங்கே போனது என்று பார்த்தோம். 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 18,000 ரூபாய் என்று அரசே உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் நாட்டில், நீங்கள் எதில் ஏறினாலும் அந்தக் கம்பெனி தடுமாறும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு உண்மையான கோபம் இதில்தான். இரண்டு வகையில் எது நல்லது என்று நம்மைக் கேட்கிறார்கள், தேர்ந்தெடுக்கிற இடமோ வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது.

சரி, உங்கள் பயணம். சாதாரணமாக நான் விடியற்காலையின் முதல் விமானத்தைத்தான் சொல்வேன், தாமதம் அதில் சேர்ந்திருக்காது. ஜனவரி டெல்லிக்கு அது பொருந்தாது. காலை மூடுபனியில் விமானங்கள் இறங்க முடியாமல் சுற்றும், வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. மதியத்துக்குப் பிறகு டெல்லி சேர்கிற மாதிரி பாருங்கள். எந்த டெர்மினல் என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே டெர்மினல் 1-க்கும் 3-க்கும் இடையில் பல கிலோமீட்டர். கணவருக்கு வீல்சேர் வேண்டும் என்று குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். பஸ்ஸில் கொண்டுபோய்ப் படியேற விடுவார்கள் என்ற பயம் அப்புறம் வேண்டாம்.

இன்னொன்று. டிக்கெட்டை மாப்பிள்ளையே எடுத்தாலும், ஏஜென்ட் எடுத்தாலும், அதில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். ரத்து, நேர மாற்றம் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சரியான நம்பர் தராதவருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அதே விதி கம்பெனிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.