பெரிய கெமரா: லென்ஸை எப்போது உயர்த்துவது, எப்போது சாய்ப்பது?

முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் பிலிம், நடுவில் பெல்லோஸ் என்ற மடிப்புத் துருத்தி. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அசையும் கெமராவைப் பற்றிய கேள்விகள் இவை.

தேயிலைத் தொழிற்சாலையைப் படம் எடுத்தால், கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வருகிறது. டில்ட் கொடுத்தால், அதாவது லென்ஸை முன்னால் சாய்த்தால், சரியாகுமா? (ஹட்டன்)

ஆகாது. கெமராவை அண்ணாந்து பார்க்க வைப்பதால்தான் கட்டடம் சாய்கிறது. பிலிம் சுவருக்கு இணையாக நின்றால் நான்கு மாடி ஜன்னல்களும் நிமிர்ந்தே நிற்கும். முதலில் ரசமட்டம் வைத்துப் பின்பக்கத்தைச் செங்குத்தாக்குங்கள். கூரை வெட்டுப்படும், பரவாயில்லை. லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றுங்கள். முற்றம் குறைந்து கூரை உள்ளே வரும். இதுதான் ரைஸ்.

எவ்வளவு ஏற்றலாம் என்பது லென்ஸ் தரும் ஒளிவட்டத்தைப் பொறுத்தது. 4×5 அங்குலப் படத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 154 மி.மீ. வட்டம் 210 மி.மீ. இருந்தால், கிடைப்படத்துக்குச் சுமார் 38 மி.மீ. ஏற்றலாம். கணக்கு வேண்டாம் என்றால் அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப் 22க்கு மூடிவிட்டு, பின்னால் படம் விழும் தேய்த்த கண்ணாடியின் வெட்டிய கீழ் மூலைகள் வழியாக லென்ஸைப் பாருங்கள். படம் தலைகீழ் என்பதால் கூரை அங்கேதான் இருக்கும். துவாரம் முழுதாகத் தெரிந்தால் சரி. பூனைக்கண்போல் ஒடுங்கினால் அந்த மூலை இருண்டுவிடும்.

காலடிக் கொழுந்திலிருந்து எதிர்மலை வரை எல்லாம் துல்லியமாக வேண்டும். எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும்? (அப்புத்தளை)

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. குவியத்தூரம் 150 மி.மீ. உள்ள லென்ஸ், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 6 டிகிரிகூட வேண்டாம். உயரம் குவியத்தூரத்தைப் போல் பத்து மடங்கு. அந்த விகிதம்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. செடிகளின் மேல்மட்டத்தில் ஃபோகஸ் படுக்க வேண்டுமானால், அந்த மட்டத்திலிருந்து லென்ஸ் எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். உயரம் குறையக் குறையக் கோணம் கூடும்.

லென்ஸ், பிலிம், காட்சி ஆகிய மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது, ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளூக் 1904இல் காப்புரிமை பெற்ற முறையின் அடிப்படை. நம் மலைச்சரிவுக்கு இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளத்துக்கு (காட்சியில் துல்லியமாக விழும் தளத்துக்கு) லென்ஸின் நேர்கீழே ஒரு கீல் விழுகிறது. பெல்லோஸை நீட்டினால் தளம் அந்தக் கீலில் மேலே எழும்; சுருக்கினால் கீழே சரியும். ஆகவே ஏறுமலைக்கும் இறக்கத்துக்கும் கோணத்தை மாற்ற வேண்டியதில்லை, ஃபோகஸ் குமிழே போதும். சரிவு இடமிருந்து வலமாக இறங்கினால் மட்டும் கொஞ்சம் ஸ்விங்கும் (லென்ஸைப் பக்கவாட்டில் திருப்புவதும்) சேர்க்க வேண்டும்.

தூரமலைக்கு ஃபோகஸ் செய்து, பக்கத்துச் செடி தெளியும்வரை மெல்லச் சாய்த்து, மறுபடி தூரத்தைச் சரிபாருங்கள். இரண்டு மூன்று தடவை வேண்டும். கறுப்புத் துணிக்குள் என் மூச்சுப்பட்டே கண்ணாடி மங்கிய விடியற்காலைகள் பல. துடைத்துவிட்டு லூப்பை (உருப்பெருக்கியை) வைத்தால், கண்ணாடியின் மேலோரத்தில் ஒரு கொழுந்தின் பனித்துளி திடீரென்று தெளியும். அந்த நொடிக்காகவே இந்தப் பாரத்தைச் சுமக்கலாம்.

ஆனால் நிழல் மரங்களின் உச்சி அந்தத் தளத்துக்கு வெளியே போய்விடும். டில்ட் கூர்மையைக் கூட்டுவதில்லை, இடம் மாற்றிப் படுக்க வைக்கிறது. மரம் முக்கியமென்றால் சாய்வைக் குறைத்து அப்பர்ச்சரை மூடுங்கள். அப்புறம் காற்று அடங்கக் காத்திருங்கள்.

ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஸ்விங் கொடுக்கலாமா? (பண்டாரவளை)

வேண்டாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் நேராக ஓடவில்லை, வளைகிறது. தட்டையான ஒரு தளம் அதன் ஒன்பது வளைவுகளுக்கும் பொருந்தாது. எல்லாவற்றையும் பூச்சியத்தில் வைத்து எஃப் 32க்குப் போங்கள்.

லென்ஸுக்குப் பதிலாகப் பின்பக்கத்தைச் சாய்த்தால் என்ன? (நுவரெலியா)

ஃபோகஸ் அதே மாதிரி கிடைக்கும், உருவம் மாறும். பின்பக்கத்தின் மேல்முனையை உங்கள் பக்கம் சாய்த்தால் முன்செடி பெருத்து வரும். வெறும் தேயிலைக்கு அது அழகு. படத்தில் லயமோ (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடோ) கோயில் கோபுரமோ இருந்தால் தொடாதீர்கள்.