உபரிப் போர் விமானங்களை என்ன செய்வது?

கேள்வி: பாதுகாப்புச் செலவு குறைக்கப்படும் காலத்தில், விமானப்படைகளில் மிஞ்சும் விமானங்களைப் பழைய உலோகமாக விற்றுவிடாமல் பாலைவனத்தில் நிறுத்திப் பராமரிப்பது வீண் செலவு அல்லவா?

பதில்: வீண் செலவு அல்ல என்றே உறுதியாகக் கருதுகிறேன். விமானத்தை உருக்கிப் பெறும் அலுமினியத்தின் விலை, அதன் எஞ்சின், ரேடார், சக்கர அமைப்பு ஆகியவற்றை உதிரிபாகங்களாகப் பயன்படுத்துவதால் மிச்சமாகும் தொகைக்கு அருகில்கூட வராது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் உள்ள டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளம் 1946 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. அங்கு காற்றில் ஈரம் குறைவாதலால் துரு மெதுவாகவே பிடிக்கிறது. மண் இறுகியிருப்பதால், கான்கிரீட் தளம் போடாமலே கனத்த விமானங்களையும் நிறுத்திவிடலாம். எரிபொருளை வடித்து, குழாய்களில் மெல்லிய எண்ணெயை ஓடவிட்டு, கண்ணாடிகளையும் திறப்புகளையும் மூடி, உள்ளே வெப்பம் ஏறாதபடி வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள். 2008-இல் அங்கு நிறுத்தப்பட்ட பி-52எச் குண்டுவீச்சு விமானம் ஒன்று, தீயில் சேதமடைந்த மற்றொன்றுக்குப் பதிலாக 2015-இல் மீண்டும் பறந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. 2010-இல் பிரிட்டன், செலவைக் குறைப்பதற்காக, பெரும்பொருள் செலவில் உருவாகிவந்த நிம்ராட் கடல் கண்காணிப்பு விமானத் திட்டத்தைக் கைவிட்டு, அடுத்த ஆண்டே அவ்விமானங்களை உடைக்கத் தொடங்கியது. பின்னர் அதே பணிக்காக அமெரிக்காவிடம் ஒன்பது பி-8ஏ விமானங்களை வாங்க நேர்ந்தது. அவற்றில் முதலாவது வந்துசேர்ந்தது 2020-இல்தான். அதே சிக்கனத்தில் ஓய்வு பெற்ற 72 ஹாரியர் விமானங்களுக்கு நேர்ந்த கதி வேறு: அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அவற்றைத் தன் ஹாரியர்களுக்கு உதிரிபாகங்களாக வாங்கிக்கொண்டது.

உடைத்தே ஆகவேண்டிய விமானங்களும் உண்டு. எஃப்-14 ரக விமானங்கள் 2006-இல் அமெரிக்கக் கடற்படையில் ஓய்வு பெற்றபோது, அந்த ரகத்தைப் பயன்படுத்திவந்த ஒரே பிற நாடான ஈரானுக்குப் பாகங்கள் போய்ச் சேராதிருக்கவே பலவற்றைத் துண்டு துண்டாக நொறுக்கினார்கள்.

ஆகவே, எதை வைப்பது, எதைக் கழற்றுவது, எதை அழிப்பது என்பதை விமானம் கடைசியாகத் தரையிறங்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். அதன் பறந்த நேரமும் மாற்றப்பட்ட பாகங்களும் குறித்த பதிவேடுகள் கூடவே வரவேண்டும். வரலாறு தெரியாத பாகத்தை எந்தப் பொறியாளரும் நம்பி இன்னொரு விமானத்தில் பொருத்தமாட்டார்.