'டெஃபே' என்று எழுதினால் டெஃபே ஆகிவிடுமா?

அபிஸ்டோ (அபிஸ்டோகிராமா) என்ற தென் அமெரிக்கக் குட்டி மீன்களை வளர்க்கும் ஒரு தம்பி வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறார்: "ஐயா, 'அகஸிஸி டெஃபே, ஆற்றில் பிடித்தது' என்று சொல்லி ஒரு சோடி அபிஸ்டோ தந்தார்கள். பெண் இறந்துவிட்டது. வேறு கடையில் அதே பெயரில் ஒரு பெண் இருக்கிறது. அதை வாங்கி விடலாமா? என்னுடையது உண்மையான டெஃபேதானா?"

படத்தைப் பார்த்தேன், தம்பி. உங்களிடம் இருப்பது அகஸிஸி என்ற இனமே இல்லை. அது கொக்கட்டூ, அதாவது அபிஸ்டோகிராமா ககடுவோயிடிஸ். அகஸிஸி ஆணுக்கு வால் ஈட்டிபோல நடுவில் ஒரே கூராக முடியும். உங்கள் மீனின் வாலில் மேலும் கீழுமாக இரண்டு கூர். முதுகுச்செட்டையின் முன்பக்க முட்கள் கொண்டை மாதிரி எழும்பி நிற்கின்றன, உதடும் தடித்திருக்கிறது. டெஃபே பிரேசிலில் உள்ள ஊர். கொக்கட்டூவின் சொந்த இடம் பெருவின் உகயாலி ஆற்றுப் பக்கம். லேபல் எழுதியவர் மீனையும் பார்க்கவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை.

பெண்ணை அடையாளம் காண்பதுதான் சிரமம், எல்லாமே மஞ்சளாகத் தெரியும். கடையில் வலை போட்டுக் கலக்கிய நேரத்தில் பார்க்காதீர்கள், பயந்த மீனில் கோடுகள் மாறிவிடும். தொட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் ஆடாமல் நின்று பாருங்கள். உடலின் நடுக்கோடு வாலுக்குள்ளும் ஓடி நுனிவரை போனால் அகஸிஸி. நடுக்கோட்டுக்குக் கீழே, வயிற்றுப் பக்கமாக, மெல்லிய மூன்று கோடுகள் சமாந்தரமாகத் தெரிந்தால் கொக்கட்டூ. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொரு விசயம். பெண் என்று தருவது பெண்ணாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பெரிய ஆணுக்கு அடங்கிப்போன சின்ன ஆண் பெண்ணின் நிறத்தைப் போட்டுக்கொண்டு திரியும். 1996 இல் வெளியான ஓர் ஆய்வில் பல அபிஸ்டோ இனங்களைப் பார்த்தார்கள். குஞ்சுகள் சூடான தண்ணீரில் வளர்ந்தால் ஆண்கள் கூடுகின்றன என்று கண்டார்கள். கொழும்பில் மின்விசிறி இல்லாத தொட்டி சும்மாவே 29 பாகையைத் தொடும். அப்படி வளர்த்த குஞ்சுகளில் பெண் அருமை, ஆனால் விற்க வேண்டியது சோடி. அதனால் மங்கலாக இருப்பதையெல்லாம் பெண் என்று பையில் போட்டுவிடுகிறார்கள். குஞ்சு எடுக்கிறவர்கள் 26 பாகைக்குள் வைத்திருங்கள்.

இனி ஊர்ப்பெயர். இனத்தை மீனைப் பார்த்துச் சொல்லலாம். எந்த ஆற்று மீன் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதை மீனோடு வரும் பெயர்த் துண்டு மட்டும்தான் சொல்லும். பிடித்தவரிலிருந்து ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடை என்று கைமாறும்போது ஒருவர் அந்தத் துண்டைத் தொலைத்தாலும் ஊர்ப்பெயர் போய்விட்டது. இங்கே இறக்குமதிப் பட்டியலைக் கேட்டால் இராணுவ இரகசியத்தைக் கேட்டமாதிரி முகத்தைத் திருப்புகிறார்கள். ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிறவர் ஒரு தாளைக் காட்டினால் என்ன? காட்டாதவரிடம் வெறும் கொக்கட்டூவின் விலையை மட்டும் கொடுங்கள். டபுள் ரெட், டிரிபிள் ரெட் என்பவை ஊர்களே இல்லை, பண்ணையில் தெரிந்தெடுத்து வளர்த்த நிறங்கள். 'ஜேர்மன் ராம்' என்ற வண்ண மீனும் ஜேர்மனியின் ஆற்றில் நீந்தியதல்ல, ராமின் ஊர் தென் அமெரிக்காவின் ஒரினோகோ வடிநிலம். சில பண்ணைகளில் ஹோர்மோன் கொடுத்து நிறமேற்றி அனுப்புகிறார்கள். அளவுக்கு மீறி மின்னுகிற குட்டி ராமைத் தொடாதீர்கள்.

பார்த்து ஊர் சொல்ல முடியாது என்பதற்கு ஒரு விலக்கு, ஆபிரிக்காவின் கிரிப் என்ற குட்டி மீன். கடையில் கிரிபென்சிஸ் என்று கிடைப்பது உண்மையில் பெல்விகக்ரோமிஸ் புல்கர், பெரும்பாலும் நைஜீரியாப் பக்கத்து இனம். கமரூனின் கிரிபி என்ற ஊரை வைத்துப் பெயர் பெற்ற அசல் கிரிபென்சிஸை நெடுங்காலம் டேனியாட்டஸ் என்றே அழைத்தார்கள். 2014 இல்தான் அந்தப் பெயர் அதற்குத் திரும்பக் கிடைத்தது. இதில் மோலிவே, நியேட்டே என்ற வகைகளின் செட்டை நிறமும் வால் புள்ளிகளும் வேறுவேறு. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழகிய கண் ஓரளவு பிரித்துவிடும். குஞ்சில் முடியாது, தனி ஆணிலும் முடியாது. இரண்டு வகையை ஒரு தொட்டியில் கலந்து எடுத்த குஞ்சென்றால் யாராலும் முடியாது. கொழும்பில் 'மோலிவே' என்று யாராவது நீட்டினால் முதலில் தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆகவே அந்தக் கடைப் பெண்ணின் வயிற்றுக் கோடுகளைப் பாருங்கள். மூன்றும் இருந்தால் வாங்கி, இரண்டு கிழமை வேறு தொட்டியில் வைத்துவிட்டு ஆணோடு விடுங்கள். குஞ்சு வந்து நண்பர்களுக்குக் கொடுக்கும்போது பையில் 'கொக்கட்டூ, கொழும்புக் கடை மீன், ஊர் தெரியாது' என்று எழுதி ஒட்டுங்கள்.